ஆரம்பகால ஸ்டாக் கார் பந்தயங்களின் வரலாற்றில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1930-களிலும் 40-களிலும் தொடங்கிய ஸ்டாக் கார் பந்தயங்களின் வரலாறு ஒழுங்காகப் பாதுகாக்கப்படுகிறதா? பழைய கார்களைத் தேடிப் பிடித்து, வண்ணம் பூசி, அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் போதாதா?

போதாது. இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறையைப் படித்துவருபவன் என்ற முறையில், கார்களைப் பற்றித்தான் நான் மிகக் குறைவாகக் கவலைப்படுகிறேன். காருக்குச் சந்தை உண்டு, விலை உண்டு, ஆசைப்படுபவர்களும் உண்டு. பந்தயத்தில் சுற்றுகளை எண்ணிய அட்டை, புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய பெயர், தடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவரின் நினைவு ஆகியவற்றுக்கு விலை கிடையாது. அதனால்தான் அவை முதலில் அழிகின்றன. அவை போன பிறகு மிஞ்சும் கார் எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார், உண்மையில் ஜெயித்ததா என்று சொல்ல ஆள் இருக்காது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சிறிது பின்னணி. பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட வண்டி அல்லாமல், கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரை வைத்து ஓட்டுவதுதான் ஸ்டாக் கார் பந்தயம். 1932-ல் ஃபோர்டு நிறுவனம் வி-8 என்ஜினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. ஜார்ஜியா, வட கரோலினா மலையடிவாரங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்களுக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. கலால் அதிகாரிகள் துரத்தும்போது தப்பிக்க வேண்டும் என்பதற்காக என்ஜினைத் தீட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியைச் செம்மண் தடத்தில் ஓட்டி யாருடையது வேகம் என்று பார்த்தார்கள்.

ஆவணங்கள் ஏன் இல்லை என்பதற்கான முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான தொழிலில் ஊறியவர்கள் ரசீது வைத்துக்கொள்ள மாட்டார்கள். அட்லாண்டாவின் ரேமண்ட் பார்க்ஸ், சாராயத் தொழிலில் பணம் சேர்த்து, பிறகு பந்தயக் கார்களின் உரிமையாளராக உயர்ந்தவர். அவருடைய கார்களை ஓட்டிய லாயிட் சீ, 1941 செப்டம்பர் 1 அன்று அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் வென்றார். மறுநாள், சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரையின் கணக்கில் எழுந்த தகராறில் உறவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. டாசன்வில் ஊர்க் கல்லறையில் அவருக்கு பார்க்ஸ் வைத்த கல்லில் ஒரு ஃபோர்டு காரைச் செதுக்கி, ஓட்டுநரின் ஜன்னல் இருக்கும் இடத்தில் சீயின் புகைப்படத்தைப் பதித்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறை தன்னைப் பற்றித் தானே விட்டுச்சென்ற மிக உறுதியான ஆவணங்களில் ஒன்றாக அந்தக் கல்லை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது காரணம், பந்தயங்களை நடத்தியது ஒரே அமைப்பு அல்ல. ஊருக்கு ஊர் ஓர் ஒப்பந்தக்காரர், ஆளுக்கொரு விதிமுறை, ஆளுக்கொரு 'தேசிய சாம்பியன்'. வசூலோடு ஒப்பந்தக்காரர் ஊரை விட்டு ஓடிய கதைகளும் உண்டு. 1936 மார்ச் 8 அன்று டேட்டோனா பீச்சில், பாதி கடற்கரை மணலிலும் பாதி நெடுஞ்சாலையிலுமாக நடந்த முதல் ஸ்டாக் கார் பந்தயம் கடல் ஏறிவந்ததால் முழுத் தூரம் முடியுமுன்பே நிறுத்தப்பட்டது. மில்ட் மரியன் வென்றதாக அறிவித்தார்கள். அந்த முடிவுக்கும் எதிர்ப்பு எழுந்தது. அன்று ஐந்தாவதாக வந்தவர் பில் ஃபிரான்ஸ். 1947 டிசம்பரில், அதே ஊரில் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலின் மாடி மதுக்கூடத்தில் ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் ஒப்பந்தக்காரர்களையும் கூட்டி உட்காரவைத்தவரும் அவரே. அங்கே உருவான தேசிய ஸ்டாக் கார் பந்தய அமைப்புக்கு நாஸ்கார் என்ற பெயரைச் சொன்னவர் ரெட் வோக்ட் என்ற அட்லாண்டா மெக்கானிக். 1948 பிப்ரவரியில் அமைப்பு முறைப்படி பதிவானது.

இதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. பெரும்பாலான புள்ளிவிவரங்கள் 1948, 1949-லிருந்து தொடங்குவதால், விளையாட்டே அன்றுதான் பிறந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். லாயிட் சீ நாஸ்காரில் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை, ஏனென்றால் அது பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அட்டவணையில் பெயர் இல்லாதவர்களை அட்டவணையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர்களைத் தேட உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்ட வேண்டும், நீதிமன்றக் கோப்புகளைப் பார்க்க வேண்டும், குடும்ப ஆல்பங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

கோப்பில் இருப்பதை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1949 ஜூன் 19, சார்லட் நகரம். அண்மைக்கால மாடல் கார்களை மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நடந்த முதல் நாஸ்கார் பந்தயம் அது. நாஸ்காரின் உச்சத் தொடரான இன்றைய கப் தொடரின் தொடக்கமே அதுதான். க்ளென் டனவே 1947-ஆம் ஆண்டு ஃபோர்டில் மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளி முதலில் வந்தார். பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தபோது, பின்புற ஸ்பிரிங் பட்டைகள் விரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அது சாராயம் கடத்துபவர்களின் கைவேலை. டிக்கியில் நிறையச் சரக்கு ஏற்றினால் வண்டியின் வால் தாழும். தாழ்ந்த வாலைப் பார்த்தே போலீஸார் மறிப்பார்கள். அதற்காகப் பின்புறத்தை விறைப்பாக்குவார்கள். சரக்கு இல்லாமல் ஓடும்போது அதே விறைப்பு, வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். டனவேயின் வெற்றி ரத்தானது. பந்தயச் செய்தியைச் செய்தித்தாள் படக்கதை ஒன்றில் பார்த்துவிட்டு, கன்சாஸிலிருந்து ஒரு லிங்கன் காரை ஓட்டிக்கொண்டே வந்திருந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளரானார். ஃபோர்டின் உரிமையாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விதிமுறை வகுத்து அதை அமல்படுத்தும் உரிமை நாஸ்காருக்கு நிலைபெற்றது அந்த வழக்கில்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஃபோர்டு இன்று கிடைத்து, அதைப் புதுப்பிக்கும் ஒருவர் 'கோணலாக இருக்கிறதே' என்று பின்புற ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? பளபளப்பான ஃபோர்டு கிடைக்கும். வரலாறு குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

அடுத்து நான் சொல்லப்போகும் இரண்டு பந்தயங்களையும் சேர்த்துப் படித்தால்தான் என் பதில் முழுமையாகப் புரியும்.

1959 பிப்ரவரி 22. புதிதாகக் கட்டிய டேட்டோனா இன்டர்நேஷனல் ஸ்பீட்வேயில் முதல் டேட்டோனா 500. கடைசிக் கோட்டை மூன்று கார்கள் ஒரே வரிசையில் கடந்தன. லீ பெட்டி, ஜானி பீச்சம், இவர்களோடு ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லி. முதலில் பீச்சம் வென்றதாக அறிவித்தார்கள். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பில் ஃபிரான்ஸ், கையில் படம் வைத்திருக்கும் எல்லோரும் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். டி. டெய்லர் வாரன் எடுத்த புகைப்படமும், செய்திப்படச் சுருளும் வந்தன. மூன்று நாட்கள் கழித்து லீ பெட்டி வென்றதாக முடிவு மாற்றப்பட்டது. சரியான இடத்தில் நின்றிருந்த ஒரு கேமராதான் அந்த முடிவைத் திருத்தியது.

1963 டிசம்பர் 1. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில், அரை மைல் மண் தடம். வர்ஜீனியாவின் டான்வில் ஊரைச் சேர்ந்த வெண்டெல் ஸ்காட், கறுப்பின ஓட்டுநர். தன் காரைத் தானே பழுதுபார்த்து, தன் பிள்ளைகளையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டு ஓடியவர். அன்று எல்லோரையும் முந்தினார். ஆனால் வெற்றிக் கொடி பக் பேக்கர் என்ற ஓட்டுநருக்குக் காட்டப்பட்டது. கோப்பையும் அவருக்கே போனது. அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள். ஒவ்வொரு காருக்கும் ஒருவர், பல நேரங்களில் ஓட்டுநரின் மனைவியோ உறவினரோ, கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அட்டையில் எழுதுவார். ஸ்காட் மறுப்புத் தெரிவித்தார். அட்டைகளைத் திரும்பச் சரிபார்த்தபோது அவர் இரண்டு சுற்றுகள் முன்னால் இருந்தது தெரிந்தது. ஆனால் அதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. எண்ணிக்கையில் நேர்ந்த தவறு என்றார்கள் அதிகாரிகள். வெள்ளையர் கூட்டத்தின் நடுவே ஒரு கறுப்பினத்தவர் கோப்பை வாங்குவதை அவர்கள் விரும்பவில்லை என்று ஸ்காட்டும் குடும்பத்தாரும் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஸ்காட் 1990-ல் இறந்தார். அந்த வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவருடைய குடும்பத்தாரிடம் கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

முதல் பந்தயத்தில் எல்லோரையும் அழைத்துச் சாட்சியம் கேட்டார்கள். மூன்று நாட்களில் நீதி கிடைத்தது. இரண்டாவதில் சாட்சியம் அட்டையில் எழுதப்பட்டிருந்தும் அதைக் காலத்தில் எடுத்துப் பார்க்க யாருக்கும் மனம் இல்லை. கோப்பை கைக்கு வர 58 ஆண்டுகள் ஆயின. ஆவணம் இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆவணமே இல்லாதிருந்தால், ஸ்காட்டின் பெயர் வெற்றியாளர்கள் வரிசையில் என்றைக்குமே ஏறியிருக்காது. 2015-ல் அவர், பந்தயச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அதற்கும் அடிப்படை அன்று எழுதிய அட்டைகள்தான்.

இப்படி ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களில் பெண்களும் உண்டு. நான் சொன்ன அந்த 1949 சார்லட் பந்தயத்தில் சாரா கிறிஸ்டியன் ஓடினார். அடுத்த மாதம் டேட்டோனா கடற்கரையில் அவரோடு எத்தல் மோப்லியும் லூயிஸ் ஸ்மித்தும் சேர்ந்து மூன்று பெண்கள் ஓடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹைடல்பர்க் தடத்தில் கிறிஸ்டியன் ஐந்தாவதாக வந்தார். இன்றுவரை அந்தத் தொடரில் வேறு எந்தப் பெண்ணும் அதைவிட முன்னால் வரவில்லை. இதைப் பந்தய ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

தடங்களின் கதைக்கு வருகிறேன். 1949-ன் முதல் தொடர் எட்டுப் பந்தயங்கள் கொண்டது. அவை நடந்த தடங்களில் பல இன்று இல்லை. மார்ட்டின்ஸ்வில் தார் போடப்பட்டு இன்றும் ஓடுகிறது. மண் தடமாகவே எஞ்சியிருப்பது வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவில், ஈனோ ஆற்றங்கரையில் உள்ள ஆக்கனீச்சி ஒன்றுதான் என்று சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு மைல் சுற்றளவு. முன்பு குதிரைகள் ஓடிய நிலம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை உள்ளூர்ப் பாதிரிமார்கள் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1968-ல் கடைசிப் பந்தயம் நடந்தது. ரிச்சர்ட் பெட்டி வென்றார். அதன் பிறகு பில் ஃபிரான்ஸ் அலபாமாவில் டாலடேகா தடத்தைக் கட்டினார். ஆக்கனீச்சியைக் காடு எடுத்துக்கொண்டது.

இன்று போனால், சைக்கமோர், பைன் மரங்களுக்கு நடுவே மண் மேடாக உயர்ந்த வளைவைக் காணலாம். நேர்ப்பாதையின் ஓரத்தில் பார்வையாளர் அமர்ந்த கான்கிரீட் படிகள் சரிவில் அப்படியே கிடக்கின்றன. 2002-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு பொதுமக்கள் நடக்கும் பாதையாகத் திறந்தார்கள். மரங்களை வெட்டிவிட்டு மறுபடி பந்தயம் நடத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே நடந்து போகும்போது தடத்தின் அகலம், வளைவின் சாய்வு, ஆறு எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் காலால் தெரிகிறது. புல்டோசர் விட்டால் தெரிவது புல்டோசர் போட்ட தடம்தான்.

இதற்கு நேர்மாறான பாதையில் போனது அதே வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ. 1947-ல் தொடங்கிய, ஒரு மைலில் எட்டில் ஐந்து பங்கு நீளமுள்ள தடம். ஒரு பக்க நேர்ப்பாதை இறக்கம், மறுபக்கம் ஏற்றம். 1996 செப்டம்பரில் ஜெஃப் கார்டன் வென்றதோடு கப் பந்தயங்கள் நின்றன. தடத்தை வாங்கிய இருவர் பந்தயத் தேதிகளை வேறு மாநிலங்களுக்கு எடுத்துப் போனார்கள். நடுவில் சிறிது காலம் திறந்து மூடினார்கள். மற்ற ஆண்டுகளில் புல் முளைத்துக் கிடந்தது. 2019-ல் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்த் தடத்தைச் சுத்தம் செய்தார். அப்போது நோக்கம் பந்தயம் நடத்துவது அல்ல. கணினி விளையாட்டு ஒன்றுக்காகத் தடத்தை லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து வைப்பதுதான். அழிவதற்கு முன் அளந்து வைத்துவிடலாம் என்று போனவர்களின் வேலை, மக்கள் மனத்தில் அந்த இடத்தை உயிர்ப்பித்துவிட்டது. மாநில அரசு 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022-ல் பந்தயம் திரும்பியது. 2023-ல் ஆல்-ஸ்டார் பந்தயம் அதே பழைய தார்ப்பரப்பில் நடந்தது. அதற்குப் பிறகுதான் புதுத் தார் போட்டார்கள். அளவெடுத்து முடித்த பிறகு மராமத்து என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்தது. ஆனால் எல்லா இடத்திலும் வேண்டுமென்றே பின்பற்ற வேண்டிய வரிசை அதுதான்.

அந்த மராமத்தின்போது பார்வையாளர் மாடத்தின் கீழே ஒரு பெரிய குழி வெளிப்பட்டது. சாராயம் காய்ச்சிய இடமாக இருக்கலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. இருக்கலாம்; அந்த மாவட்டமே அப்படிப்பட்டது. ஆனால் 'இருக்கலாம்' என்பதை அறிவிப்புப் பலகையில் 'இருந்தது' என்று எழுதிவிடும் அவசரம் எனக்குப் பிடிக்காது. சாராயக் கதைகளின் கவர்ச்சி இந்த வரலாற்றுக்கு உதவிய அளவு கெடுத்தும் இருக்கிறது. பழைய ஓட்டுநர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயிகள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். 1948 பிப்ரவரி 15 அன்று நாஸ்காரின் முதல் பந்தயத்தையும், 1949-ல் முதல் ஸ்டாக் கார் பட்டத்தையும் வென்ற ரெட் பைரன், இரண்டாம் உலகப் போரில் அலூஷியன் தீவுகளின் வானில் காயப்பட்டு இடது கால் சிதைந்தவர். காலைக் கிளட்ச் பெடலோடு சேர்த்துப் பொருத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டு ஓட்டினார். அவரும் பார்க்ஸின் ஓட்டுநர்தான். சாராயக் கதையோடு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

மறுபுறம், சாராயத்தை மறைத்த காலமும் இருந்தது. குடும்பத்தோடு பார்க்கும் விளையாட்டு என்ற பெயர் கெடக்கூடாதே என்று அதைப் பேசாமல் விட்டார்கள். ஓட்டுநர் ஜூனியர் ஜான்சன் தன் அப்பாவின் காய்ச்சுமிடத்தில் பிடிபட்டுச் சிறை சென்றவர். 1986-ல் அதிபர் ரீகன் மன்னிப்பு அளித்தார். 2010-ல் சார்லட்டில் ஹால் ஆஃப் ஃபேம் திறந்தபோது அதன் முதல் ஐவரில் ஒருவராக ஜான்சன் இருந்தார். அங்கே காட்சிக்கு வைப்பதற்காகத் தன் கையாலேயே ஒரு சாராய அடுப்பை அமைத்துக் கொடுத்தார். செய்தவரே செய்து காட்டிய பொருள் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்த காட்சிப்பொருள்.

கார்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அன்று கார் என்பது செலவழிந்துபோகும் பொருள். ஞாயிறு நொறுங்கிய உடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொரு உடலை வாங்கி, அதே எண்ணை எழுதி அடுத்த வாரம் ஓட்டினார்கள். ஆகவே 'இதுதான் அசல்' என்று யாராவது காட்டினால், எந்தப் பாகம் அசல், எந்த ஆண்டின் அசல் என்று கேளுங்கள். நேர்மையாகச் செய்த பிரதியில் தவறே இல்லை. அது பிரதி என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவே. புதுப்பிப்பவர்கள் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, கழற்றியதைப் பெயர் எழுதி வைத்து, புதிதாகப் போட்டதில் உட்புறமாகத் தேதி குறித்தால் அடுத்த தலைமுறை நன்றி சொல்லும். பழைய கை எழுத்து ஓவியரின் எண்ணும் பெயரும் வண்ணத்துக்கு அடியில் தெரிந்தால், சுரண்டுவதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள்.

கடைசியாக, பந்தயப் படங்களை யாரேனும் வைத்திருந்தால் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். அன்றைய ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். நாஸ்கார் தொடங்கிய கூட்டத்தில் இருந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த ரேமண்ட் பார்க்ஸ் 2010-ல், 96 வயதில் காலமானார். இன்று மிஞ்சியிருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள். அவர்களின் பரணில்தான் பெட்டிகள் இருக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் படங்களைக் கலைக்காதீர்கள். எந்த உறையில் எது இருந்தது என்பதே ஒரு தகவல். அதே வரிசையில் எண் கொடுங்கள். படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். படம் கழுவிய கடையின் முத்திரை, மங்கிய பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். ஒட்டும் தாள் ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்துப் படமெடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. பழைய பிலிம் சுருளில் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றச் சுருள்களிலிருந்து பிரித்துக் குளிர்ச்சியான, ஈரமற்ற இடத்தில் வைத்து, முதல் வேலையாக அதை நகலெடுக்கக் கொடுங்கள். வீட்டுப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் கிழியும்.

பெரியவர்களிடம் பேசும்போது 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், நூறு தடவை சொல்லிப் பழகிய கதையே வரும். ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்து, இடது ஓரத்தில் நிற்பவர் யார், அந்த டயர் எங்கே வாங்கியது, காரை எதில் கட்டி இழுத்துப் போனீர்கள் என்று கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் சொன்ன தேதியை அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள், எதையும் திருத்தாதீர்கள்.

நகலெடுத்த பிறகு மூலத்தை எங்கே கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. வட கரோலினாவில் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்டாக் கார் பந்தயத்துக்கென்றே தனிச் சேகரிப்பு இருக்கிறது. டாசன்வில்லில் ஜார்ஜியா மாநிலத்தின் பந்தய ஹால் ஆஃப் ஃபேம், டார்லிங்டன் தடத்தின் அருங்காட்சியகம், சார்லட்டின் ஹால் ஆஃப் ஃபேம் ஆகியவையும் உண்டு. எங்கே கொடுத்தாலும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆய்வாளர்கள் பார்க்க அனுமதி உண்டா, படங்களின் உரிமை யாரிடம் இருக்கும், பிற்காலத்தில் அவர்களுக்கு வேண்டாம் என்றால் விற்பார்களா, திருப்பித் தருவார்களா. காட்சிப் பேழையில் வைப்போம் என்ற வாக்குறுதியைவிட, பட்டியல் போட்டு எண் கொடுத்து வைப்போம் என்ற வாக்குறுதிக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.